சிறுகச் செய்து காட்டும் முறை

மாணவர் சிலர் ஒரு குழுவாய்ச் சேர்ந்து இறுதிப் பருவத்தில் மென்பொருள் ஒன்றை ஆக்கித் தருதல் கணிப்பொறித் துறைகளில் வழக்கம். திட்டம் முழுமையும் எழுதி, பின் வடிவமைத்து, நிரலெழுதி, கடைசியில் சோதித்தல் பழைய மரபு. இதனை அருவி முறை என்பர். குற்றாலத்தை அண்டி வாழும் நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. விழுந்த நீர் மேலேறுவதில்லை.

இதற்கு மாற்றான முறைகள் முன்னரே தோன்றியிருப்பினும், அவற்றிற்கு 'அஜைல்' என்னும் பொதுப்பெயர் 2001 பிப்ரவரியில்தான் அமைந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 வல்லுநர்கள் அப்பெயரில் அறிக்கை வெளியிட்டனர்.

கீழப்பாவூரை அடுத்த பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு மென்பொருள் செய்வதாகக் கொள்வோம். சரக்கு வரவைப் பதியும் பகுதியை மட்டும் இரண்டு வாரத்தில் முடித்துக் கடைக்காரரிடம் காட்டுதல் வேண்டும். "தக்காளி பெட்டிக் கணக்கு, வெங்காயம் மூட்டைக் கணக்கு, எல்லாவற்றுக்கும் கிலோ கேட்டால் எப்படித் தம்பி?" என்று அவர் வினவக்கூடும். அவ்வினா பருவத்தின் இறுதியில் எழுமாயின் பாதி வேலையைக் கலைக்க நேரும். இப்போதோ ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். வேகம் அன்று, பிழையை முன்னரே அறிதலே இம்முறையின் பயன்.

இதன் ஒரு வகையாகிய 'ஸ்க்ரம்' முறையில் நாள்தோறும் 15 நிமிடத்துக்கு மிகாத கூட்டம் உண்டு. செய்தது, செய்யவிருப்பது, தடை ஆகியவற்றை ஒவ்வொருவரும் கூறுவர். ஒருவர் உழைக்க மற்றவர் கையொப்பமிடும் நம் கல்லூரிக் குழுக்களுக்கு இது கசப்பான மருந்தே!

ஆவணமே வேண்டா என அவ்வறிக்கை கூறவில்லை. இயங்கும் மென்பொருளுக்கு முதலிடம் தருகிறது, அவ்வளவே. ஆதலின் தேர்வுக்குரிய ஏட்டையும் அவ்வப்போதே எழுதிவருதல் நன்று.