உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்!

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் பிறந்தநாள் விழாவுக்குச் சமையல் ஆளும் பலூன் அலங்காரமும் பேசி முடித்த கையோடு மேஜிக் ஷோவுக்கும் ஆள் பேசிவிடுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டுவிழாவா, பள்ளியின் குழந்தைகள் தினமா, அங்கேயும் ஒரு மேஜிக் ஷோ. அதைப் பார்த்துவிட்டு “எனக்கும் மேஜிக் செட் வேண்டும்” என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு நாலு பள்ளிக்கூடங்களில் நிகழ்ச்சி நடத்தலாம் என்று கிளம்பும் பெரியவர்களும் உண்டு. இருவரும் போய் நிற்பது ஒரே கடை வாசலில்தான்.

அந்தக் கடையில் ஒரு விதி. புடவையைப் பிரித்துப் பார்க்கலாம், செருப்பைப் போட்டு நடந்து பார்க்கலாம். மேஜிக் ஐட்டத்தைக் கடைக்காரர் செய்து காட்டுவார், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்பது பணம் கட்டிய பிறகே தெரியும். ரகசியம் தெரிந்துகொண்டவர் பொருளைத் திருப்பித் தர முடியாது. இதில் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. ரகசியத்தை இலவசமாகத் தெரிந்துகொண்டு, வீட்டில் அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்துகொள்பவர்கள் நிறையப் பேர். ஆனால், அந்த விதியின் மறைவில் மட்டமான வேலைப்பாடும் விலைபோய்விடுகிறது. கடைக்காரரின் கைத்திறனில் மயங்கி வாங்கி வந்த பெட்டி, வீட்டுக்கு வந்து பார்த்தால் மூடி உட்காராமல் இளிக்கும்.

ரகசியத்தைக் கேட்காமலே பொருளின் தரத்தைப் பார்க்க முடியும். ஒட்டு, தையல், கீல், பூச்சு, எடை, சத்தம் ஆகிய எல்லாம் ரகசியத்துக்கு வெளியே இருப்பவை. “வித்தை எப்படி என்று சொல்ல வேண்டாம், பொருளை என் கையில் கொடுங்கள்” என்று கேட்கிறவரிடம் நல்ல கடைக்காரர் தயங்க மாட்டார். முழுதாகத் தர முடியாத ஐட்டம் என்றால், மறைக்க வேண்டிய பாகத்தைத் தன் கையால் மூடிக்கொண்டு மற்றதைக் காட்டுவார். எந்தப் பக்கத்தையும் காட்ட மறுக்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

பார்க்கிறவர் கண்ணில் படாத பாகம்தான் முழுச் சுமையையும் தாங்குகிறது என்பதற்கு இந்த ஊரிலேயே பழைய சாட்சி இருக்கிறது. 1820களின் இறுதியில், ஷேஷல் என்று ஆங்கிலேயர் எழுதிவைத்த ஒரு முதியவர், மெட்ராஸில் அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். கால்கள் பொருத்திய ஒரு சின்னப் பலகை, அதில் செங்குத்தாக ஒரு மூங்கில், அதன் தலைப்பில் மான்தோல் சுற்றிய கட்டை. அந்தக் கட்டையின் மேல் மணிக்கட்டு மட்டும் லேசாகப் பட, கண்மூடிக் கால் மடித்து அமர்ந்திருப்பார். 1832இல் லண்டன் வார இதழ் ஒன்று இதைப் படத்தோடு வெளியிட்டது. படம் பார்த்த ஐரோப்பியர்கள் பிறகு பல காலம் அதன் நுட்பத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். நான் வியப்பது அந்த வேலைப்பாட்டை. வெளியே பார்த்தால் மூங்கிலும் தோலும். ஆனால் ஒரு வளர்ந்த மனிதரின் முழு எடையையும், நிமிடக்கணக்கில், துளி ஆட்டமில்லாமல் அது தாங்கியிருக்கிறது. அதைச் செய்துகொடுத்த கொல்லரின் பெயர் எங்கும் இல்லை. இன்று கடையில் ஒரு பொருளைப் பார்க்கும்போது அந்தக் கொல்லரை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

இனி நம்ம ஊர்க் காற்று. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இரும்பு ஜன்னல் கம்பி எவ்வளவு வேகமாகத் துருவேறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே உப்புக் காற்றுதான் மேஜிக் வளையங்களையும் தின்கிறது. ஒன்றோடொன்று கோத்துப் பிரித்துக் காட்டும் லிங்கிங் ரிங்ஸ் வாங்கப் போகிறீர்களா? பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நறுக்கென்று ஒட்டிக்கொண்டால், அநேகமாக அது இரும்பின் மேல் பூசிய குரோம். முதல் ஐப்பசி மழையிலேயே பூச்சு பொரிந்து புள்ளி விழும். அடுத்து, பற்றவைத்த இடத்தில் பெருவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் மேடை விளக்கில் அந்த இடம் மின்னும். கடைசியாக, ஒன்றைத் தொங்கவிட்டு இன்னொன்றால் தட்டுங்கள். திடமான கம்பியின் நாதம் நீண்டு நிற்கும். குழாயை வளைத்துச் செய்த வளையம் தகரச் சத்தம் போடும்.

மரச் சாமான்களில் இன்னும் கவனம் தேவை. இப்போது பெட்டிகள் பலவும் எம்.டி.எஃப் பலகையில் வருகின்றன. அது மர இழைகளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. பெயின்ட் அடித்துவிட்டால் அழகுதான். ஆனால் ஈரம் குடித்தால் உப்பும், உப்பினால் பழைய அளவுக்குத் திரும்பாது. மேஜிக் பெட்டியின் உயிரே அளவில்தான் இருக்கிறது. நூலிழை கூடினாலும் உள்ளே நகர வேண்டியது நகராது. முடிச்சூர், வரதராஜபுரம் மாதிரி வெள்ளம் பார்த்த பகுதிகளில் தரைத்தள வீட்டில் சாமான் வைத்திருப்பவர்கள், விலை கூடினாலும் நல்ல பிளைவுட்டையே கேட்டு வாங்க வேண்டும். பெட்டியின் அடியைப் புரட்டினால் பெயின்ட் படாத ஓரம் எங்கேனும் தெரியும். அடுக்கில்லாமல் ஒரே சீராக இருக்கிறதா, அடுக்கடுக்காக இருக்கிறதா என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

பட்டுக் கைக்குட்டைக்கு நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டாலே போதும். காஞ்சிபுரம் புடவையில் நூல் உருவிக் கொளுத்திப் பார்க்கும் அதே சோதனைதான். அசல் பட்டு முடி பொசுங்கும் நாற்றம் அடித்துச் சாம்பலாக நொறுங்கும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். கடையில் கொளுத்த விடமாட்டார்கள் என்றால் உள்ளங்கைக்குள் கசக்கி மூடித் திறந்து பாருங்கள். மெல்லிய பட்டு ஒரு நெல்லிக்காய் அளவுக்கு அடங்கி, திறந்ததும் பூவாக விரியும். பாலியெஸ்டர் அந்த அளவுக்கு அடங்காது.

நீரூற்ற நீரூற்ற வற்றாத ‘வாட்டர் ஆஃப் இந்தியா’ சொம்பு இந்திய மேடைகளின் அடையாளம். நிகழ்ச்சியின் ஒவ்வொரு இடைவெளியிலும் மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் அதிலிருந்து தண்ணீர் கொட்டிக் காட்டுவார். அந்தச் சொம்பை வாங்கும்போது தண்ணீர் நிரப்பி, உலர்ந்த எவர்சில்வர் தட்டில் அரைமணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். காத்திருங்கள். ஈயம் வைத்த ஒட்டில் ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் தட்டு காட்டிக்கொடுத்துவிடும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பித்தளைப் பாத்திரத்தைக் கவிழ்த்து, குலுக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. அந்தக் கூச்சமின்மை மேஜிக் கடையிலும் வேண்டும்.

அக்ரிலிக் சாமான்களை ஸ்பிரிட்டாலோ சானிடைசராலோ துடைக்கக் கூடாது, மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடும். கண்ணாடி வைத்த பெட்டிகளை நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். வீடியோ எடுப்பவர் தோளில் எல்.இ.டி விளக்கோடு மேடையைச் சுற்றிச் சுற்றி வருவார். கண்ணாடி அந்த வெளிச்சத்தை வாங்கி நேரே முதல் வரிசைக்கு அனுப்பிவிடும். வாங்கும் முன் உங்கள் போனின் டார்ச்சை நான்கு பக்கமும் அடித்துப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கைத்திறன் உள்ளவனுக்குத் தீப்பெட்டியும் ஒரு ரூபாய் நாணயமும் போதும், சாமானைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று மூத்த கலைஞர்கள் கேட்பார்கள். மூன்று செப்புகளை வைத்துக்கொண்டு தெருவில் வித்தை காட்டியவர்களின் மரபில் அது முழு உண்மை. ஆனால் இன்றைய ஷோ நடப்பது குழந்தைகளுக்கு நடுவில். மேடைக்கு அழைக்கப்படுவதும் குழந்தைதான், ஐட்டத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பதும் குழந்தைதான். அதனால்தான், சாமானின் தரம் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது அந்தக் குழந்தையின் கண்ணும் கையும் வயிறும்.

விரல் நுனியில் சிவப்பு விளக்கு எரிந்து அணையும் போலிக் கட்டைவிரல், குழந்தைகள் கொண்டாடும் ஐட்டம். அதற்குள் இருப்பது சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி. அதை ஒரு குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதை கடுமையாக வெந்துபோகும். காத்திருக்க நேரமில்லை, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நாணயம், மோதிரம் சம்பந்தப்பட்ட ஐட்டங்களில் ஒளிந்திருக்கும் சின்ன வலுவான காந்தங்களும் அப்படித்தான். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு இருபுறமும் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்பட்ட சதையை ஓட்டை போட்டுவிடும். ஆகவே பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் நெம்பினாலே திறக்கிறது என்றால் வேண்டாம். காந்தம் வெறும் பசையில் ஒட்டியிருக்கிறதா, பொருளுக்குள் பொதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். நம் வியர்வைக்கும் வெயிலுக்கும் பசை நிற்காது.

பிள்ளைகளுக்கென்று பெட்டியில் வரும் மேஜிக் செட்டுக்குச் சட்டமே இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருட்களுக்கு இந்தியாவில் ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத செட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வெறுங்கையில் சட்டென்று முளைக்கும் கோல் இன்னொன்று. சுருட்டி அடக்கிய உலோகத் தகடு, விட்டதும் ஒரு முழத்துக்கு மேல் பாய்ந்து நீளும். அதன் விளிம்பு சரியாக மழுக்கப்படவில்லை என்றால் செய்பவரின் உள்ளங்கையையே அறுக்கும். பூட்டு தளர்ந்திருந்தால் அவர் நினைக்காத நேரத்தில், நினைக்காத திசையில் பாயும். முன்வரிசையில் தரையில் சம்மணமிட்டிருக்கும் பிள்ளையின் முகம் அதே உயரத்தில்தான் இருக்கிறது. கடைக்காரரிடம் அதை மூடி, பூட்டி, பத்து இருபது முறை மேசையில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை தானாகத் திறந்தாலும் அது கழிக்க வேண்டிய சாமான்.

நெருப்பைப் பற்றி என் கருத்து இன்னும் கறாரானது. திறந்தால் தீ எரியும் பர்ஸ், மூடித் திறந்தால் தீ அணைந்து புறா வரும் தட்டு, நொடியில் பற்றி மறையும் காகிதம் எதுவுமே பலூன் கட்டிய கூடத்துக்குள் வரக் கூடாது. அந்தக் காகிதம் நைட்ரோசெல்லுலோஸ், சாம்பல்கூட மிஞ்சாமல் எரியும். பலூனில் அடைத்த வாயு ஹீலியம்தான் என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஹைட்ரஜன் மலிவு, எளிதில் கிடைக்கும். 2020 செப்டம்பரில் சென்னைப் பாடியில், ஒரு நிகழ்ச்சியில் பறக்கவிட வைத்திருந்த வாயு பலூன்கள் பட்டாசுப் பொறி பட்டு வெடித்துப் பலர் தீக்காயம் பட்டார்கள். அது திறந்தவெளி. இது மூடிய ஏ.சி. ஹால். குழந்தைகள் போட்டிருப்பதோ நெட் துணி வைத்த நைலான் கவுன்.

கையை வைத்தால் கத்தி இறங்கும் ‘சாப்பர்’ பற்றியும் சொல்ல வேண்டும். காரட் துண்டாகும், கை தப்பிக்கும். கத்தியைத் தடுப்பது ஒரே ஒரு கொக்கி என்றால் எந்தக் குழந்தையின் கையையும் அதற்குள் வைக்காதீர்கள், உங்கள் கையையும் வைக்காதீர்கள். ஒன்று தவறினால் இன்னொன்று பிடிக்க வேண்டும், இரண்டும் தனித்தனியாக இயங்க வேண்டும். பழைய சாமானாகக் கைமாறி வருவதென்றால் இரட்டிப்புக் கவனம். தேய்மானம் வெளியே தெரியாது.

தேய்மானம் என்ன செய்யும் என்பதற்குச் சுங் லிங் சூ என்ற பெயரில் மேடையேறிய அமெரிக்கர் வில்லியம் ராபின்சனின் முடிவைப் பார்க்க வேண்டும். சுடப்பட்ட குண்டைக் கையால் பிடிக்கும் வித்தை அவருடையது. துப்பாக்கியில் இரண்டு குழல்கள். மருந்து வெடிப்பது கீழ்க் குழலில், குண்டு இருப்பது மேல் குழலில். குண்டு வெளியே வரவே கூடாது என்பதுதான் அமைப்பு. ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் பின்பக்கத் திருகைக் கழற்றிக் குண்டை எடுத்து, திரும்ப மாட்டிக் கொண்டிருந்தார். வருடக்கணக்கில் அப்படிக் கழற்றி மாட்டியதில் மரை தேய்ந்துபோனது. தேய்ந்த இடுக்கு வழியே துளித்துளியாக மருந்து இறங்கியது. 1918 மார்ச் 23 இரவு, லண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கில் இரண்டாவது குழலும் வெடித்தது. மறுநாள் அவர் இறந்தார். பல வருடம் பிசகாமல் வேலை செய்த சாமான் அது, வெளித்தோற்றத்தில் எந்தக் குறையும் இல்லை.

அதனால் பழைய ஐட்டம் வாங்குகிறவர்கள் அதைத் தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். அவருக்கு வித்தை தெரிய வேண்டியதில்லை. மரை, ஸ்பிரிங், கீல், கொக்கி நான்கையும் பார்த்து எது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லத் தெரிந்தால் போதும். தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்ற ஆகும் செலவு, பெட்டிக்கு அடிக்கும் தங்க நிறப் பெயின்ட்டை விடக் குறைவு. ஷோவுக்கு ஆள் பேசும் பெற்றோருக்கும் இதே உரிமை உண்டு. முன்பணம் கொடுக்கும்போதே, நெருப்பு உண்டா, கத்தி உண்டா, குழந்தைகள் கையில் எதைக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பெட்டியைத் திறந்து காட்டுகிறவருக்கு, அவர் கேட்கும் தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.