மருத்துவமனையா, வீடா? காசநோய்க்குச் சென்னை கண்ட விடை

தாம்பரத்தை அடுத்து 'சானடோரியம்' என்றொரு ரயில் நிலையம் உண்டு. காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்து, தூய காற்று, முழு ஓய்வு, நல்லுணவு ஆகியவற்றால் பேணிய மருத்துவமனைக்குச் சானடோரியம் என்று பெயர். மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928இல் அங்கு நிறுவிய மருத்துவமனையே அந்நிலையத்துக்குப் பெயர் தந்தது.

அன்று காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 'பாஸ்' மருந்தும், 1952இல் ஐசோனியாசிடும் பயன்பாட்டுக்கு வந்தன. ஆயினும் ஓய்வும் ஊட்டமும் தனிமையும் இன்றி நோய் தீராது என்ற எண்ணம் நீடித்தது. நோயாளிகளோ பல்லாயிரவர், படுக்கைகளோ மிகச் சில.

அந்த எண்ணம் உண்மைதானா என்பதைச் சோதிக்க 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பெற்றது. நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டனர். மற்றவர் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள் தரப்பட்டன. வீட்டில் இருந்தோர் பெரும்பாலும் ஏழைகள். நெருக்கடியான இருப்பிடம், குறைந்த உணவு, ஓய்வற்ற உழைப்பு எனச் சூழல் எல்லாமே அவர்களுக்குப் பாதகமாக இருந்தது.

1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. ஓராண்டு இறுதியில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் நோய் அடங்கப் பெற்றனர். ஐந்தாண்டுத் தொடர் கண்காணிப்பிலும் வீட்டில் சிகிச்சை பெற்றோர் பின்தங்கிவிடவில்லை. அதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை. சிகிச்சை தொடங்கியபின் தொற்றும் தன்மை விரைவில் குறைந்துவிடுவதும், பரவல் பெரும்பாலும் நோய் கண்டறியப்படும் முன்பே நிகழ்ந்துவிடுவதும் இதற்குக் காரணங்கள். உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டை நோக்கித் திரும்ப இந்த ஆய்வு வழிவகுத்தது.

நல்லுணவு தேவையில்லை என்பது இதன் பொருளன்று. உடல் தேறுவதற்கு அது மிக அவசியம். ஆனால் நோயை வெல்வது, இடைவிடாமல் உட்கொள்ளும் மருந்தே.

ஆகவே, நோயாளியின் குடும்பத்தினரிடம் நாங்கள் வேண்டுவன சில. அவருக்கெனத் தட்டும் தம்ளரும் ஒதுக்கிவைக்க வேண்டா. காசநோய் பாத்திரங்களால் பரவுவதில்லை, காற்றின் வழியே பரவுகிறது. தொடக்க வாரங்களில் அவர் முகக்கவசம் அணியட்டும், சன்னல்கள் திறந்திருக்கட்டும். வீட்டிலுள்ள அனைவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருமல் நின்று, எடை கூடியதும் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்; மருந்துக்குக் கட்டுப்படாத நோயாகவும் மாறக்கூடும். மருத்துவர் போதும் என்று சொல்லும் நாள்வரை மருந்து தொடரட்டும். அதனை நாள்தோறும் நினைவூட்டும் ஒருவர் வீட்டில் இருப்பது நோயாளிக்குப் பெருந்துணை.