இரவு இருமலும் ஒரு நுண்புழுவும்

இரவு இரண்டு மணிக்கு இருமல் தொடங்குகிறது. விடியும்வரை நிற்பதில்லை. மூச்சில் வீசல் ஒலி கேட்கிறது, மாலையில் சற்றே காய்ச்சல், உடல் இளைக்கிறது. ஆஸ்துமா என்பார் ஒருவர், காசநோய் என்பார் மற்றொருவர். இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்றும் இருக்கலாம். மக்கள் 'ஈஸ்னோபிலியா' என்று சொல்லும் வெப்பமண்டல நுரையீரல் ஈசினோபில் நோயே அது. யானைக்கால் நோய் பரவிய ஊர்களில் காணப்படும் இந்நோயை உரிய காலத்தில் கண்டுபிடித்தால் விலை மலிந்த ஒரு மாத்திரையால் குணமாக்கலாம். தவறவிட்டாலோ, நுரையீரல் நிலையாகச் சுருங்கிவிடக்கூடும்.

சுருங்கும் நுரையீரல்

நுரையீரல் நோய்களை மருத்துவர்கள் இரு பெரும் வகையாகப் பிரிப்பர். மூச்சுக்குழல்கள் குறுகி, காற்று வெளியேறத் திணறுவது அடைப்பு வகை; ஆஸ்துமா இவ்வகையைச் சேர்ந்தது. நுரையீரலே விறைத்து, விரிய மறுப்பது சுருக்க வகை. மென்மையான துணிப்பையை நன்றாக விரித்து நிறைய அரிசி கொட்டலாம். அதே பையைக் கெட்டியாகக் கஞ்சி போட்டு உலர்த்திவிட்டால்? வாய் திறந்திருந்தும் பை விரியாது. சுருக்க நோயில் நுரையீரல் இந்நிலையை அடைகிறது. ஊதிப் பார்க்கும் கருவியில் இவ்வேறுபாடு தெரிந்துவிடும்: மொத்தமாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவே சுருக்க நோயில் குறைந்துவிடுகிறது.

நாம் பேசும் ஈசினோபில் நோயில் தொடக்கத்தில் வீசல் ஒலி கேட்பதால் அது ஆஸ்துமா போலத் தோன்றும். நாட்பட்டால் சுருக்க வகையே மேலோங்கும்.

புழு எங்கே ஒளிந்திருந்தது?

1940ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளி அருகிலுள்ள ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் பிரிமோட் மோலரும் பார்ட்டனும் ஒரு புதிரை வெளியிட்டனர். சில நோயாளிகளின் எக்ஸ்ரே படம் காசநோய் போலவே புள்ளிபுள்ளியாக இருந்தது. சளியிலோ காசநோய்க் கிருமி இல்லை. மாறாக, இரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் பெருகியிருந்தன. ஈசின் என்ற செந்நிறச் சாயத்தை விரும்பி ஏற்பதால் இவ்வணுக்களுக்கு அப்பெயர். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை 500க்குள் இருப்பதே இயல்பு. இந்நோயில் 3,000க்கு மேல் போகும். 1943இல் வைன்கார்ட்டன் என்னும் மருத்துவர் இதற்கு 'வெப்பமண்டல ஈசினோபிலியா' என்று பெயரிட்டார். ஆர்சனிக் கலந்த மருந்துகளால் நோய் தணிவதையும் கண்டார். ஆனால் காரணம் விளங்கவில்லை.

யானைக்கால் புழுவின் மீது ஐயம் விழுந்தபோதிலும், அதை மெய்ப்பிப்பதில் சிக்கல் இருந்தது. யானைக்கால் நோய்த்தொற்று உடையவரின் இரத்தத்தில் நள்ளிரவில் நுண்புழுக்கள் நெளிவதைக் காணலாம். இந்நோயாளிகளின் இரத்தத்தில் ஒன்றுகூட அகப்படவில்லை! 1960இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜோப், கால்ட் ஆகியோர் விடையைக் காட்டினர். நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றின் திசுக்களிலேயே நுண்புழுக்கள் சிக்கிக் கிடந்தன. சிலருடைய உடல் இப்புழுவை அளவுக்கு மீறிய சினத்துடன் எதிர்க்கிறது. நுரையீரலின் மெல்லிய இரத்தக் குழாய்களில் புழு நுழைந்ததும் எதிர்ப்பொருள்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன, ஈசினோபில்கள் திரள்கின்றன. புழு மடிகிறது. ஆனால் அதன்மீது வீசப்பட்ட நச்சுப்புரதங்கள் நுரையீரலையும் சுடுகின்றன. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் வி. கே. விஜயனும் அமெரிக்க ஆய்வாளர்களும் 1987இல் நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில், செல்களில் ஏறத்தாழப் பாதி ஈசினோபில்களாகவே இருக்கக் கண்டனர்.

சுப்பாராவ் தந்த மருந்து

மருந்தின் கதையிலும் சென்னைக்குப் பங்குண்டு. பீமாவரத்தில் 1895இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவரானார். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் அமெரிக்க வீரர்கள் பலரை யானைக்கால் புழு பற்றியது. 1947இல் அவருடைய குழுவினர் வெளியிட்ட மருந்தே டைஎதில்கார்பமசின். சிங்கப்பூரில் பணியாற்றிய டி. ஜே. தனராஜ், ஈசினோபில் நோயிலும் இது வேலை செய்வதை 1950களில் விரிவாகக் காட்டினார்.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 மில்லிகிராம் என்ற கணக்கில் நாள்தோறும், மூன்று வாரம்: இதுவே வழக்கமான அளவு. பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே இருமல் அடங்கும். எனினும் சிலருடைய நுரையீரலில் அழற்சி மெல்லப் புகைந்துகொண்டே இருப்பதைப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. நோய் மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. ஆகவே இருமல் நின்றாலும் மறுபரிசோதனை வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்குவது தீது. அது ஈசினோபில் எண்ணிக்கையைக் குறைத்து நோயை மறைத்துவிடும்.

தழும்பு விழுந்த பின்

மருந்து கிடைக்காமல் ஆண்டுகள் கழிந்தால், அழற்சி கண்ட இடத்தில் நார்த்தழும்பு படிகிறது. தழும்பு காற்றறைகளை விறைக்கச் செய்வதோடு இரத்தக் குழாய்களையும் அழிக்கிறது. பிராணவாயு குறைந்த பகுதிகளில் குழாய்கள் தாமாகவும் சுருங்குகின்றன. வழி குறுகிவிட்டதால் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறுகிறது. இயல்பாக இதன் சராசரி 14 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 20ஐத் தாண்டினால் நுரையீரல் இரத்த அழுத்த நோய். கையில் பட்டை கட்டி அளக்கும் அழுத்தம் வேறு, இது வேறு. இதயத்தின் வலப்பக்கம் இச்சுமையை இழுத்து இழுத்துக் களைக்கிறது, கால் வீங்குகிறது. இவ்வீக்கம் யானைக்கால் வீக்கமன்று, இதயத்தின் முறையீடு!

புழுவைக் கொல்லும் மருந்தால் தழும்பைக் கரைக்க முடியாது. வேறு காரணங்களால் வரும் நார்த்தழும்பு நோய்களுக்குப் பிர்பெனிடோன், நின்டெடானிப் என்ற மருந்துகள் இன்று உள்ளன. அவையும் தழும்பு வளரும் வேகத்தைக் குறைக்குமேயன்றி, விழுந்த தழும்பை அகற்றுவதில்லை.

அழுத்தத்தைக் குறைக்கவும் மருந்துகள் உண்டு. நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட சில்டெனாபில், 2005இல் நுரையீரல் தமனி நோய்க்கு அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. ஆனால் தமனியிலேயே தோன்றும் நோய்க்கு உதவும் மருந்து, தழும்பு விழுந்த நுரையீரலுக்கும் உதவும் என்று கொள்ளலாகாது. ஆம்பிரிசென்டன், ரியோசிகுவாட் இரண்டும் அத்தகைய நோயாளிகளுக்குப் பயன் தரவில்லை, தீங்குக்கான அறிகுறிகளே தெரிந்தன; ஆய்வுகள் இடையில் நிறுத்தப்பட்டன. ஒரு காரணம் இப்படி இருக்கலாம்: விழுங்கிய மருந்து எல்லாக் குழாய்களையும் திறக்கிறது, காற்றே புகாத பகுதிக்கும் இரத்தம் வீணே பாய்கிறது. மூச்சுடன் உள்ளிழுக்கும் டிரெப்ரோஸ்டினிலோ, காற்று செல்லும் பகுதியையே பெரிதும் அடைகிறது. 2021இல் அமெரிக்காவில் இது ஏற்கப்பட்டது. விலை மிக அதிகம். மூன்று வார மாத்திரையுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

கொசுவும் நம் தெருவும்

யானைக்கால் புழுவைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, சாக்கடையிலும் மலக்குழியிலும் பெருகுவது. புதுச்சேரியில் 1975இல் கொசு முதலிய நோய்பரப்பிகளை ஆராயும் மையம் தொடங்கப்பட்டது. 1981 முதல் 1985 வரை அம்மையம் நகரில் கொசு உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் பெருந்திட்டம் ஒன்றை நடத்திக் காட்டியது. 2004 முதல் நாட்டின் யானைக்கால் நோய் மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை டைஎதில்கார்பமசின் வழங்கும் திட்டமும் நடந்தது. தொற்று குறைந்தது, நல்லதே. ஆனால் நோய் அரிதாகும்போது, அது நினைவிலிருந்தும் மறைந்துபோகும் இடர் உண்டு.

ஆகவே நெல்லித்தோப்பிலோ வேறெந்த ஊரிலோ வாழ்பவர், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்க. அதில் ஒன்றுமில்லை, இரவு இருமலோ ஓயவில்லை என்றால், இரத்தத்தில் ஈசினோபில் எண்ணிக்கை எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். குடற்புழுவாலும் ஒவ்வாமையாலும் இவ்வெண்ணிக்கை கூடக்கூடும். முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. தழும்பு விழுமுன் கேட்கப்படும் அந்த ஒரு கேள்வி, ஒருவருடைய வாழ்நாள் மூச்சைக் காப்பாற்றலாம்.