சைலன்சர் குழாயை அறுக்க எந்த வாள்?

2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் 2015 தொடக்கமே தம் காணிகளுக்குத் திரும்பினார்கள். அத்தனை வருடம் கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்றுப்பட்ட இரும்பு என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காரிலோ லான்ட்மாஸ்டரிலோ இற்றுப்போன சைலன்சர் குழாயை வீட்டிலேயே அறுத்து மாற்றலாம். நாங்கள் சொல்வது இரும்பறுக்கும் கைவாளைத்தான். வேர்வை சிந்தும், ஆனால் மின்சாரம் வேண்டியதில்லை. அலகைப் பார்த்து வாங்குங்கள். குழாயின் தகடு மெல்லியது. அங்குலத்துக்கு 32 பல் உள்ள அலகே பொருந்தும். 18 பல் அலகு தகட்டில் கொளுவிப் பல் உடையும். பற்கள் முன்னோக்கியிருக்கப் பூட்டி, தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். இயந்திரம் நன்றாக ஆறியிருக்க வேண்டும்.

சில்லுள்ள குழாய்வெட்டி, துருப்பிடித்த குழாயை நசுக்கிவிடும். கிரைண்டர் விரைவாக வெட்டும், பொய்யில்லை. ஆனால் தீப்பொறி பறக்கும். பக்கத்தில் எரிபொருள் தாங்கியும் வைக்கோலும் இருந்தால்? கண்ணாடி அணியாமல் அதைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. மாற்றுக் குழாய்க்கென்று காணியில் கிடக்கும் இரும்பை எடுத்து அறுக்காதீர்கள். வெடிக்காத குண்டு துருவேறினால் வெறும் குழாய் போலவே கிடக்கும். கண்டால் கிட்டப் போகாமல், பிள்ளைகளையும் விடாமல், பொலிசுக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவியுங்கள்.