ஊட்டும் கையும் உண்ணட்டும்

பிறக்கும்போது 3 கிலோ இருக்கும் குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய 9 கிலோவை எட்டிவிடுகிறது. அடுத்த ஓராண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். அதற்குப் பிறகு பள்ளி வயது வரை ஆண்டுக்குச் சுமார் 2 கிலோ. வளர்ச்சி இப்படி நிதானப்படும்போது பசியும் குறைவது உடலின் இயல்பு. நம் வீடுகளில் சாப்பாட்டுச் சண்டை தொடங்குவதும் சரியாக இந்த வயதில்தான். "போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே சாப்பிட்டான்" என்ற கவலை பிடித்துக்கொள்கிறது. கிண்ணத்தோடு பின்னால் ஓடுகிறோம், வாசலுக்குத் தூக்கிப் போய்க் காக்காய் காட்டுகிறோம், பூச்சாண்டி வருவான் என்று மிரட்டுகிறோம். எதுவும் பலிக்காவிட்டால் கைப்பேசியில் கார்ட்டூனைப் போட்டுவிட்டு, வாய் திறக்கும் நேரம் பார்த்து ஒரு வாய் வைத்துவிடுகிறோம். எல்லாமே அன்பினால் செய்வதுதான். ஆனால் நாம் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. குழந்தை எத்தனை வாய் சாப்பிட்டது என்பதைவிட, சாப்பிடும்போது அதன் எதிரே யாராவது சாப்பிட்டார்களா என்பதுதான் முக்கியம்.

தன் வயிற்றுக்கு எவ்வளவு வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியுமா? 1991-இல் அமெரிக்க உளவியலாளர் லியன் பிர்ச்சும் அவருடைய குழுவினரும் 2 முதல் 5 வயது வரையுள்ள 15 குழந்தைகள் ஆறு முழு நாட்களில் உண்டதையெல்லாம் அளந்து பார்த்தார்கள். ஒரே குழந்தை ஒரு வேளை நிறையச் சாப்பிட்டது, அடுத்த வேளை கொறித்துவிட்டு எழுந்துகொண்டது. வேளைக்கு வேளை இருந்த ஏற்ற இறக்கம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு. நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தபோதோ ஏற்ற இறக்கம் 10 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. காலையில் விட்டதைக் குழந்தைகள் பிறகு தாங்களாகவே ஈடுகட்டிக்கொண்டார்கள். இதற்கும் வெகுகாலம் முன்பே, 1920-களில், கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் இன்னும் துணிச்சலான ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் பால் மறக்கத் தொடங்கிய 15 குழந்தைகளின் முன்னால் வேளைதோறும் பலவகை உணவுகள் வைக்கப்பட்டன. குழந்தை தானாகக் கை நீட்டினால் ஒழியத் தாதிகள் ஊட்டக் கூடாது, எதையும் காட்டி ஆசை மூட்டவும் கூடாது. ஒரு குழந்தை தேர்ந்ததை இன்னொன்று தேரவில்லை. ஆனாலும் எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள்.

இதைக் கேட்டவுடன் "குழந்தை விருப்பப்படி விட்டுவிட்டால் போதும்" என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. டேவிஸ் வைத்த 34 உணவுகளில் தானியம், காய், பழம், முட்டை, இறைச்சி, பால் எல்லாம் இருந்தன. சர்க்கரையோ, டப்பாவில் அடைத்ததோ ஒன்றுகூட இல்லை. வெற்றியின் சூட்சுமம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்று அவரே எழுதினார். பட்டியல் பெரியவர்களுடையது, அளவு குழந்தையுடையது. பின்னாளில் எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் இதையே ஒரு பொறுப்புப் பங்கீடாக வகுத்தார். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பவை பெற்றோர் முடிவு. அதில் எதை, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் முடிவு. நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாகக் கிடக்கிறது. என்ன வேண்டும் என்று இரண்டு வயதுக் குழந்தையைக் கேட்கிறோம், எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்கிறோம்.

வற்புறுத்தினால் அந்த வேளைக்காவது இரண்டு வாய் கூடுதலாக இறங்கும் என்ற நம்பிக்கையும் சோதனையில் நிற்கவில்லை. பிர்ச் பங்கேற்ற இன்னொரு ஆய்வு 2006-இல் வந்தது. அதில் "சூப்பைக் குடித்து முடி" என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டபோது குழந்தைகள் குறைவாகவே குடித்தார்கள், அந்த சூப்பைப் பற்றிக் குறையும் கூடுதலாகச் சொன்னார்கள். லஞ்சமும் இப்படித்தான். "கீரையைச் சாப்பிட்டா ஐஸ்கிரீம்" என்று சொல்லும்போது, கீரை ஒரு தண்டனை, ஐஸ்கிரீம் அதற்கான கூலி என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். பரிசுக்காக உண்ண வைத்த உணவின் மேல் விருப்பம் குறைவதையும், பரிசாகக் கொடுத்த உணவின் மேல் விருப்பம் கூடுவதையும் 1980-களிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. கைப்பேசி இன்னும் மோசம். கண் திரையில் இருக்கும்போது வாய்க்குள் போவது என்ன ருசி, வயிறு நிறைந்ததா என்பதைக் குழந்தை கவனிப்பதே இல்லை. நிறையச் சாப்பிட்டது போலத் தெரியும், ஆனால் சாப்பிடக் கற்றுக்கொண்டிருக்காது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை.

சாப்பிடுவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றுதான். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை, பழகாத உணவைக் கண்டு ஒதுங்குவது குழந்தைகளின் இயல்பு. அதே காய் பத்துப் பதினைந்து முறை தட்டில் வந்த பிறகுதான் பலர் அதை வாயில் வைக்கிறார்கள். இரண்டு முறை துப்பியதும் "இவனுக்குப் பீர்க்கங்காய் பிடிக்காது" என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தக் காய் மறுபடி அந்தத் தட்டுக்கு வருவதே இல்லை. இந்தத் தயக்கத்தை எது கரைக்கிறது? 1975-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பின் தெரியாத உணவைக் குழந்தைகளிடம் வெறுமனே நீட்டியபோது கிடைத்த பலனைவிட, பெரியவர் ஒருவர் தானும் அதை உண்டபோது கூடுதல் குழந்தைகள் அதை வாயில் வைத்தார்கள். அதிலும் அம்மா உண்டு காட்டியபோது பலன் அதிகம். இதை நம் வீட்டு வழக்கத்தோடு பொருத்திப் பாருங்கள். ஏழரை மணிக்குக் குழந்தைக்குத் தனியாகப் பருப்பு சாதம் பிசைந்து ஊட்டியாகிவிடும். அப்பா ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சி முன்னால் சாப்பிடுவார். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைப் போட்டுக்கொண்டு அம்மா அடுப்படியில் உட்காரும்போது குழந்தை தூங்கிப்போயிருக்கும். தனக்கு ஊட்டும் ஆள் ஒருவாய்கூடச் சாப்பிடுவதைப் பார்க்காமலே அது வளர்கிறது. யாருமே சாப்பிடாத ஒன்றைத் தன் வாயில் மட்டும் வைக்கிறார்கள் என்றால், அது ஏன் வாயை மூடிக்கொள்ளாது?

சேர்ந்து உட்காருவதென்றால் சமையலும் ஒன்றாக வேண்டும். ஒரு வயதானதும், வீட்டில் எல்லோரும் உண்பதையே குழந்தையும் உண்ண முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரத்துக்கு என்ன செய்வது என்பார்கள். சாம்பார்ப் பொடி போடுவதற்கு முன் வெந்த பருப்பிலும் காயிலும் குழந்தைக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம். பொரியலுக்கு மிளகாய் கிள்ளித் தாளிக்கும் முன்பும் அப்படியே. கீரைக் கடைசல், கூட்டு, மிளகு குறைத்த ரசம், முட்டை, இட்லி, முள் எடுத்த மீன் எதற்கும் தனி அடுப்பு தேவையில்லை. ஒரு வயதுக்கு முன் உப்பும் சர்க்கரையும் தேனும் வேண்டாம். முழு வேர்க்கடலை, முழு திராட்சை போலத் தொண்டையில் அடைக்கக்கூடியவற்றைச் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. தட்டில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் போதும், கேட்டால் போடலாம். கையால் அளைந்து, சிந்தி, முகத்தில் பூசிக்கொண்டு சாப்பிடட்டும். வேண்டாமென்று எழுந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்தில் அடுத்த வேளை வந்துவிடும். அந்த இடைவெளியில் "பட்டினியா இருக்கானே" என்று பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும் கொடுப்பதுதான் அடுத்த வேளைப் பசியையும் கெடுக்கிறது. நாள் முழுக்கப் பாலிலேயே வயிறு நிறையும் குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைபாடு வருவது குழந்தை மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது.

எதிர்த்துக் கேட்பவர்களின் வலுவான கேள்வி வேறு. இது வசதியான நாடுகளின் கவலை, ரத்தசோகையும் எடைக்குறைவும் உள்ள நாட்டில் குழந்தை விருப்பத்துக்கு விடலாமா என்பது அது. நியாயமான கேள்வி. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ளவர்களில் இந்தியாவில் 67 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 57 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருக்கிறது. ஆனால் அதே ஆய்வு, 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் நாட்டில் 11 சதவீதம்தான் என்றும் சொல்கிறது. அந்தக் கணக்கில் எத்தனை வேளை என்பதோடு எத்தனை வகை என்பதும் அடங்கும். தயிர் சாதத்தில் இன்னும் ஐந்து வாய் திணித்தால் இரும்புச்சத்து கூடாது. பருப்பும் கீரையும் முட்டையும் மீனும் தட்டுக்கு வந்தால்தான் கூடும். அதோடு, வற்புறுத்தாமல் இருப்பதென்றால் கவனிக்காமல் விடுவதல்ல. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை ஊட்டத்தான் வேண்டும். பசிக்கு அழுவதையும், போதுமென்று தலையைத் திருப்புவதையும் பார்த்து, பேசிக்கொண்டே, பொறுமையாக ஊட்ட வேண்டும். இது நம் மண்ணுக்கு ஒவ்வாத பாடமும் அல்ல. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அன்றைய ஆந்திரத்தின் 60 கிராமங்களில் இப்படி ஊட்டவும் விளையாட்டுக் காட்டவும் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளின் உணவும் மேம்பட்டது, மனவளர்ச்சியும் மேம்பட்டது என்பது 2013-இல் வெளியான முடிவு. எடை உண்மையிலேயே ஏறாத குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்து அட்டையில் குறிப்பது அதற்காகத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதைவிட அந்த அட்டையை நம்பலாம்.

சேர்ந்து உண்ணும் குடும்பத்துப் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள், கெட்ட வழிக்குப் போகமாட்டார்கள் என்றெல்லாம் சொல்லப்படுவதை நான் இங்கே துணைக்கு அழைக்கவில்லை. நிதானமும் நேரமும் ஓரளவு வருமானமும் உள்ள குடும்பங்களால்தான் சேர்ந்து சாப்பிட முடிகிறது. நன்மை எதனால் வந்தது என்று அங்கே பிரித்துச் சொல்வது கடினம். என் வாதம் அதைவிடச் சிறியது. குழந்தை உணவைக் கற்பது உண்பவர்களைப் பார்த்துத்தான்.

நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது, ஏனெனில் அது பெரும்பாலும் பெண்களின் கேள்வி. 2019-இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அப்படி வேலை செய்யும் ஆண்களே குறைவு. சேர்ந்து சாப்பிடுவது அம்மாவின் தலையில் ஏறும் இன்னொரு கடமையாகுமென்றால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரே சமையல் என்றால் குழந்தைக்கென்று தனியாக அடுப்பு மூட்டும் வேலை போகிறது, ஒரு மணி நேரம் தட்டோடு அலையும் வேலையும் போகிறது. மூன்று வேளையும் எல்லோரும் கூட வேண்டியதில்லை. ஷிப்டு வேலைக்காரர் வீட்டில் அது காலை இட்லியாக இருக்கலாம், மற்ற வீட்டில் இரவுச் சாப்பாடாக இருக்கலாம். ஒரு வேளை போதும், பாட்டியோ தாத்தாவோ கூட உட்கார்ந்தாலும் போதும். ஆனால் அந்த ஒரு வேளையில் பரிமாறுவதை அப்பா எடுத்துக்கொள்ளட்டும், அல்லது எல்லாவற்றையும் நடுவில் வைத்து அவரவர் போட்டுக்கொள்ளட்டும். குழந்தை உட்காரும்போதே அம்மாவும் தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இதை இன்றிரவே தொடங்குங்கள்.