குரலை நம்பலாமா?

திருவண்ணாமலைக்கு "நான் யார்?" என்ற கேள்வி புதிதன்று. 1896-ல் பதினாறு வயதுப் பாலகராய் அங்கு வந்து சேர்ந்த ரமண மகரிஷி, தம்மை நாடி வந்தோரை அக்கேள்வியையே கேட்டுக்கொள்ளச் செய்தார். இக்காலத்திலோ, அவ்வூர் முதியோரை நோக்கி, "நீர் யார்? ஜீவித்திருக்கிறீரா?" என்று யந்திரம் கேட்கிறது!

இது பரிகாசமன்று. சர்க்கார் பென்ஷன் வாங்குவோர் உயிருடன் இருப்பதற்கு வருஷந்தோறும் அத்தாட்சி தரவேண்டும். முழங்கால் வலியோடு ஆபீஸ் படியேறிய துன்பத்தைக் குறைக்க, 2014-ல் 'ஜீவன் பிரமாண்' திட்டம் வந்தது. விரல் ரேகை பதித்தால் போதும் என்றாயிற்று. ஆனால் உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை தெளிவாக விழுமா? 2021-ல் செயற்கை அறிவினால் முகத்தைக் கொண்டே ஆளை அறியும் முறை ஏற்பட்டது. கைபேசியின் முன் கண்ணிமைத்தால், வீட்டுத் திண்ணையிலேயே காரியம் முடிகிறது. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலும், நீரிழிவினால் விழித்திரைக்கு நேரும் கேட்டைப் படத்திலிருந்து கண்டுசொல்லும் வேலையில் 2019-க்குள் இவ்வறிவு ஈடுபடுத்தப்பட்டுவிட்டது.

நன்மை இவ்வளவு இருக்க, அபாயம் எங்கே? முகத்தை அறியக் கற்ற வித்தை, குரலைத் திருடவும் கற்றுக்கொண்டது. மூன்று விநாடிப் பேச்சைக் கேட்டே ஒருவர் குரலைப் போலப் பேசும் யந்திரத்தை 2023-ல் மைக்ரோஸாப்ட் ஆராய்ச்சியாளர் செய்து காட்டினர். பிள்ளைகளைச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் விட்டு, அருணாசலத்தின் நிழலில் தனித்து வாழும் பெற்றோரை எண்ணிப் பாருங்கள். "அப்பா, ஆபத்தில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்புங்கள்" என்று மகனின் குரல் கதறினால், எந்தத் தகப்பனாரின் மனம் நிதானித்து நிற்கும்? போலீஸ் உடையில் கைபேசித் திரையில் தோன்றி, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டும் மோசக்காரரும் உளர். அப்படியொரு கைது சட்டத்திலேயே இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியில் எச்சரித்தார்.

பரிகாரம் எளிது. குடும்பத்தார் மட்டும் அறிந்த பரிபாஷைச் சொல் ஒன்றை இன்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான அழைப்பைத் துண்டித்துவிட்டு, பிள்ளையின் பழைய எண்ணிலேயே கூப்பிடுங்கள். யந்திரம் தெரியாததையும் தெரிந்ததுபோல் சொல்லக்கூடும். ஆகையால் வைத்தியரைக் கேளாமல் மருந்தின் அளவை மாற்றவேண்டாம். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். வேதாரண்யத்தில் உப்பெடுத்த வருஷமல்லவா? மறக்காது!

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அடிக்கடி பெற்றோருடன் பேசுங்கள். நாள்தோறும் உங்கள் செய்தி அறிந்தவர்களை ஏய்ப்பது கடினம். "நீ யார்?" என்று அவர்கள் கேட்டால் கோபியாதீர்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.