தீக்கு வேலி தெரியாது

என் நிலத்தில் வளர்ந்த புதரை வெட்டச் சொல்ல அரசு யார்? அமெரிக்காவின் கலிபோர்னியாவில், காட்டுத்தீ அபாயம் மிகுந்த பகுதிகளில் குடியிருப்போர் பலர் எழுப்பும் கேள்வி இது. அங்கே மாநிலச் சட்டப்படி வீட்டைச் சுற்றி 100 அடி வரை, தன் மனை எல்லைக்குள், காய்ந்த புல்லையும் சருகையும் பட்ட கிளைகளையும் உரிமையாளர் அகற்றியாக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகர விதி இன்னும் கடுமையானது. அபாயப் பகுதிகளில் கட்டடத்திலிருந்து 200 அடி வரை புதரைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. கட்டடம் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தாலும், அந்த 200 அடிக்குள் வரும் தன் நிலத்துக்கு மனைக்காரர்தான் பொறுப்பு. தவறினால் நகரமே ஆள் வைத்து வெட்டி, செலவை அவரிடம் வசூலிக்கும்.

இந்தக் கண்டிப்பு நியாயமானதே என்பதற்குத் தீ பரவும் விதமே சான்று. பெருந்தீயின்போது பல வீடுகள் காற்றில் வெகுதூரம் பறந்துவரும் கங்குகளால்தான் பற்றிக்கொள்கின்றன. வீடும் அதன் அண்மைச் சுற்றுப்புறமும் எப்படி இருக்கின்றன என்பதே வீடு பிழைக்குமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி ஜாக் கோஹன் தம் ஆய்வுகளில் காட்டினார். ஒரு வீடு எரியத் தொடங்கினால் அதன் வெப்பமே அடுத்த வீட்டுக்குத் தீ வைக்கும். 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரையும் சுற்றுப்புறத்தையும் அழித்த தீயில் 85 பேர் இறந்தனர். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் நாசமாயின. ஒருவர் வெட்டாமல் விட்ட புதரின் விலையைத் தெருவே கொடுக்க நேரும்போது, அதை அவருடைய சொந்த விஷயம் என்று ஒதுக்க முடியாது.

பாரடைஸ் தீயை மூட்டியது மின் நிறுவனத்தின் பழைய கம்பிதானே, குடிமக்களை ஏன் வருத்த வேண்டும் என்பார்கள். நிறுவனம் 2020-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது உண்மை. ஆனால் பொறி எங்கிருந்து வந்தாலும், அது பற்றிக்கொள்ள முற்றத்துச் சருகு போதும். மறுபுறம், செடிகளின் வேர் மலைச்சரிவைப் பிடித்து நிறுத்துகிறது. அவற்றை முற்றாகச் சுரண்டினால் மண் சரியும், எளிதில் தீப்பற்றும் புல் முளைக்கும் என்ற சூழலியலாளர் கவலையும் சரியே. அதனால்தான் விதி மொட்டை நிலத்தைக் கேட்பதில்லை. தொலைவில் காய்ந்தவற்றை அகற்றி, செடிகளுக்கு இடையே இடைவெளி விட்டால் போதும். மிகக் கடுமை வேண்டியது சுவரை ஒட்டிய முதல் 5 அடியில். 2020-இல் இயற்றப்பட்ட சட்டம் அந்தப் பகுதிக்குத் தனி விதி வகுக்கச் சொன்னது சரியான திசை. செலவுதான் வலுவான ஆட்சேபம். செங்குத்துச் சரிவில் ஆள் வைத்து வெட்டுவது முதியவருக்கும் ஏழைக்கும் பெரும் சுமை. கடமையின் பலன் ஊருக்கே சேர்வதால், இயலாதவரின் செலவில் ஊரும் பங்கேற்க வேண்டும். அபராதத்தை மட்டும் நம்பும் விதியால் வசதி உள்ளவர் வீட்டைக் காக்கலாம். தெரு முழுவதையும் காக்க உதவித்தொகையும் வேண்டும்.